தலைச்சன் பிள்ளைகள் இல்லாத வரைபடம்

தேன்மொழிக்கும் குமரனுக்கும், அவர்களோடு வேலை பார்க்கிற மற்றப் பிள்ளைகளுக்கும்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து போட்ட சண்டையைக் கேட்க முடியாமல் உங்கள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கிராம நர்ஸ் வேலை பார்க்கிற தேன்மொழி, "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு ஊரும் தெரியாது, புள்ளையும் தெரியாது" என்றாள். மாவட்ட அலுவலகத்தில் தடுப்பூசிக் கணக்கு ஏற்றுகிற குமரன், "நீங்க ஒழுங்கா எழுதிக் குடுத்தா நாங்க எதுக்குத் திருப்பித் திருப்பிக் கேக்கறோம்?" என்றான். சாம்பார் ஆறிப்போனது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். வேலையில் இருந்த காலமெல்லாம் இதே சண்டையைக் கேட்டுக் காது மரத்துப்போனவன் நான். பென்ஷன் வாங்கியபிறகும் என் வீட்டு இலை முன்னால் அதையே கேட்க வேண்டும் என்பது என் தலையெழுத்து போலிருக்கிறது. கத்துவதற்குப் பதிலாக எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யும் ஒரு வருடச் சுகாதார ஆய்வாளர் பயிற்சியும்தான் என் படிப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடத்தில். அதோடு ஒரு கையடக்கக் கருவியும் வந்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளைப் பிடித்து, நாம் நிற்கும் இடத்தை எண்களாகச் சொல்லும். வீடு வீடாக அதைக் கொண்டுபோய் அந்த எண்களை ஏற்றினால், மலையின் வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளியாக நிற்கும். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதும் அந்தப் புள்ளிக்குள் இருக்கும். ஊசி முடிந்த ஊர் பச்சை. பாக்கி இருந்தால் மஞ்சள். நிறைய பாக்கி என்றால் சிவப்பு.

நல்ல ஏற்பாடு. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குமரா. நான் கம்ப்யூட்டருக்கு எதிரி என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குத் தெரியும்.

அதை நடத்த ராசிபுரத்திலிருந்து கவிதா என்று ஒரு பெண்ணை ஒப்பந்தச் சம்பளத்துக்குப் போட்டார்கள். அந்தப் பெண் அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு அட்டைக்கடியோடு ஓடை தாண்டி ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றது. மற்ற வட்டாரங்களில் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று ஊர் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு டீ குடித்தவர்களை எனக்குத் தெரியும். கவிதா அப்படியில்லை.

கோளாறு எங்கே தொடங்கியது என்றால், மாவட்டத்தில் ஒரு அதிகாரிக்குப் பச்சை நிறத்தின் மேல் வந்த ஆசையில். மாதக் கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் காட்டுவார்கள். பச்சை ஊர்க்காரன் உட்காரலாம். சிவப்பு ஊர்க்காரன் நிற்க வேண்டும். பள்ளிக்கூடம்தான். பிறகு இன்னொரு உத்தரவு வந்தது: கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் பட்டியலில் பெயர் உள்ள குழந்தைக்கு மட்டுமே ஊசி போட வேண்டும், அப்போதுதான் மருந்து வீணாகாது. மருந்து வீணாகக் கூடாதாம். ஆறே மாதத்தில் எங்கள் மலை பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. எங்களுக்குக் கைதட்டினார்கள். நாங்களும் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டினோம்.

அந்த வருடம் மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓடைப்பட்டியைப் பார்க்கிற நர்சம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். அந்தப் பகுதிக்கு அவர் புதிது. "சார், ஓடைப்பட்டியில நாலஞ்சு ஊட்ல வேப்பிலை கட்டியிருக்காங்க. மணல்வாரி" என்றார். மணல்வாரி என்றால் தட்டம்மை. மலையில் வாய்விட்டு அந்தப் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள்.

வரைபடத்தைப் பார்த்தோம். ஓடைப்பட்டி பச்சை. பாக்கிக் குழந்தைகள்: யாரும் இல்லை.

கூடுதல் மருந்து கேட்டு மாவட்டத்துக்குப் போன் போட்டேன். அங்கே எடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஓடைப்பட்டி பச்சையில இருக்குதேய்யா. பச்சையில இருக்கற ஊருக்கு எதுக்கு மருந்து?"

"ஊர்ல அம்மை இருக்குதுங்க சார்."

"கம்ப்யூட்டர்ல இல்லையே."

"அம்மை கம்ப்யூட்டருக்கு வரலீங்க, புள்ளைகளுக்கு வந்திருக்குது."

"நக்கல் பண்றீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டார். நான் நக்கல் பண்ணவில்லை. அழாத குறைதான்.

எங்கள் டாக்டரம்மா அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்குப் புதன்கிழமை முகாமுக்குன்னு வெச்சிருக்கற மருந்தை எடுத்துட்டு இப்பவே கிளம்புங்க. நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பாத்துக்கலாம். என்னைக் கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்கிற மேலதிகாரி கிடைத்தால், பிள்ளைகளே, அவர் மாற்றலாகிப் போகிறவரை அவரை விடாதீர்கள்.

ஜீப்பில் கவிதாவும் ஏறிக்கொண்டாள். "நான் தப்பா ஏத்திட்டேன்னுதானே எல்லாரும் நெனைக்கறீங்க? நானே வந்து பாக்கறேன்" என்றாள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

ஓடைப்பட்டியின் எல்லையில் ஜீப் நின்றதும் பாப்பாயி என்கிற அம்மாள் குறுக்கே வந்து நின்றார். அந்த ஊரில் அம்மை சமயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"ஏனுங்க, அங்கியே நில்லுங்க. அம்மா எறங்கியிருக்கறா. மூணாந் தண்ணி ஊத்தற வரைக்கும் ஊருக்குள்ள ஊசி ஆகாது. மீறி வந்தா அவ கோவம் உங்க மேலதான் சேரும்."

"சேரட்டுமுங்க அக்கா. நாங்க அரசாங்கச் சம்பளக்காரங்க. எல்லாக் கோவமும் எங்க மேலதான் சேருது" என்றார் நர்சம்மா. பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

சிரித்தவர்களின் இடுப்பில் குழந்தைகள். கையில் துணி மூட்டைகள். "எங்க கெளம்பிட்டீங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"தாயூட்டுக்குங்க. பதினொரு மணி பஸ்ஸுக்கு. அம்மா தலைச்சனை மட்டும் கேக்கறாளாம். இருக்கற தலைச்சனையாவது காப்பாத்த வேண்டாமுங்களா?"

விசாரித்தோம். உண்மைதான். படுத்திருந்த குழந்தைகள் எல்லாமே அவரவர் தாய்க்கு முதல் பிள்ளை. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகள் ஓடை ஓரத்தில் தடுக்கி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. ஊர் பயந்ததில் என்ன தப்பு?

கவிதாதான் கேட்டாள்: "இந்தக் கொழந்தைங்க எல்லாம் எங்க பொறந்துச்சு?"

"இது என்ன கேள்வி சாமி? தலைச்சன் எங்க பொறக்கும்? தாயூட்லதான் பொறக்கும். அடுத்ததெல்லாம்தான் புருசனூட்டுச் செலவு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

கவிதா ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். குழந்தை அங்கே பிறக்கிறது, அந்த ஊர்க் கணக்கில் ஏறுகிறது. அஞ்சாம் மாசமோ ஏழாம் மாசமோ புருசன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தாய் வீட்டு ஊர் நர்ஸ் "ஊரை விட்டுப் போய்விட்டது" என்று எழுதித் தருகிறார். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தட்டினால் குழந்தை அந்த ஊரின் பாக்கியிலிருந்து ஒதுங்கிவிடும். புருசன் ஊரில் சேர்க்கப்போனால் தாயின் கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்கும். அது தாய் வீட்டு நர்சிடம் இருக்கும். எண் இல்லாவிட்டால் சேர்க்காது. தட்டம்மை ஊசியோ ஒன்பது மாதம் முடிந்தபிறகுதான் போட வேண்டும். அதற்குள் குழந்தை இரண்டு ஊருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

"சார், இந்த ஊர் மட்டுமில்ல. மலை பூராவும் தலைச்சன் ஒண்ணுகூட பாக்கியில வராது. அதனாலதான் பச்சை" என்றாள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் ஒருவர்கூட முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகாத சாதியில் பிறந்தவர் இல்லை. அதிகாரியின் சம்சாரமும்தான் போயிருப்பார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கம், யாருடைய நினைவுக்கும் வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் யோசித்து நிற்க நேரமில்லை. பஸ் வந்துகொண்டிருந்தது. இவர்கள் ஏறிவிட்டால் அம்மையும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மலை முழுக்கப் போய் இறங்கும். போகாதே என்று தடுக்கலாமா? ஒருமுறை வேறொரு ஊரில் அப்படித்தான் அதிகாரம் பண்ணித் தடுத்தார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு ஜனங்கள் காட்டு வழியாகப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிவிட்டார்கள். பிறகு தேடிப் பிடிக்கவே முடியவில்லை. தடுத்தால் ஒளிவார்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

நர்சம்மாதான் வழி கண்டார். "அக்கா, ஊருக்குள்ளதானே ஊசி ஆகாது? எல்லைக்கு இந்தாண்ட, ரோட்டுல?"

பாப்பாயி யோசித்தார். "ரோடு அரசாங்கத்துது. அங்க நீங்க என்ன கூத்தடிச்சாலும் அம்மா கேக்கமாட்டா."

ஜீப் பானட்டின் மேல் துணி விரித்தோம். எப்படியும் எல்லை தாண்டிப் பஸ் ஏற வந்தவர்கள்தானே. ஒவ்வொருவராக வந்தார்கள், குழந்தைகள் அலறின, ஊசி போட்டோம். பிறகுதான் கஷ்டமான பேச்சு. "ஊசி போட்டாச்சு. இனி தாயூட்டுக்குப் போனாலும் இங்க இருந்தாலும் உன் புள்ளைக்கு ஒண்ணுதான். ஆனா உன் துணியிலயும் மூச்சுலயும் என்ன ஒட்டியிருக்குதோ தெரியாது. அங்க உன் அண்ணன் புள்ளை இருக்குதில்ல?" என்று நர்சம்மா ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேட்டார். எங்களைத் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள். பஸ் டிரைவர், "ஆள் ஏத்தாம அனுப்பறதுக்கு எதுக்குய்யா என்னை நிறுத்துனீங்க?" என்று அவர் பங்குக்குத் திட்டினார்.

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "செல்வி காங்கலயே" என்றாள். பாப்பாயி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

செல்வி பாப்பாயியின் மருமகள். பத்து மாதத் தலைச்சன் பையன். காலையிலேயே குழந்தையோடு கிளம்பிவிட்டாள்.

"எங்க போனாளுங்க?"

"தெரியாதுங்க."

"அவ தாயூடு எந்த ஊரு?"

"எல்லாம் இந்தப் பக்கம்தானுங்க. சோளக்காட்டுச் சந்தைக்குச் சாமான் வாங்கப் போயிருப்பா."

ஊரே சொல்லிவைத்ததுபோல் தெரியாதுங்க என்றது. கைக்குழந்தையோடு, அம்மை நேரத்தில், சாமான் வாங்க! பாப்பாயியைத் தனியே அழைத்துக் கெஞ்சியபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "பையனுக்கு மூணு நாளா ஒடம்பு கொதிக்குதுங்க. அம்மா ஏறுன ஒடம்புல ஊசி குத்துனா புள்ள தங்காது. நீங்க போங்க சாமி." அந்த முகத்தைப் பார்த்தபிறகு அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"ஒதுக்குன பேரை கம்ப்யூட்டர் அழிக்கறதில்லை சார். உள்ள கெடக்கும்" என்றாள் கவிதா. சுகாதார நிலையத்துக்குத் திரும்பினோம். கரண்ட் இல்லை. கம்ப்யூட்டருக்குக் கொடுத்த பேட்டரி செத்துப்போய், புது பேட்டரி கேட்டு எழுதிய கடிதம் எந்த மேஜையில் தூங்கியதோ. ஜெனரேட்டர் மருந்து ஃப்ரிட்ஜுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மருந்தாளுநர் அதைக் கைநீட்டிக் காட்டினார்.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் படித்தார். "ஃப்ரிட்ஜைத் தொறக்காம வெச்சிருந்தா கொஞ்ச நேரத்துக்குக் குளிர் போகாது. வயரை மாத்துங்க" என்றார். விதி எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் அதை எவ்வளவு நேரம் தள்ளிவைக்கலாம் என்றும் தெரியும்.

திரை வெளிச்சமானது. கவிதா ஒதுக்கிய பெயர்களைத் தேடினாள். தாய் பெயர் செல்வி, போன ஊர் ஓடைப்பட்டி, ஆண் குழந்தை. பிறந்த வீடு: வாசலூர்பட்டிக்கு அப்பால் நெல்லிக்காடு, ஓடை தாண்டிக் கடைசிப் புள்ளி.

அந்தப் புள்ளிக்கே போனோம். குமரா, இது உனக்காக எழுதுகிறேன்: அந்த வரைபடம் இல்லாவிட்டால் அன்றைக்கு நாங்கள் மலையெல்லாம் தேடியிருப்போம். எந்தத் தட்டலில் அந்தப் பிள்ளை மறைந்ததோ அந்த இடத்திலேயே அவன் வீட்டுக்கு வழியும் இருந்தது.

செல்வி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பையன். கண் சிவந்து, மூக்கொழுகி, நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான். ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது. அம்மை நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்று நர்சம்மா என் பக்கம் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

செல்வி எழுந்திருக்கவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

"ஏனுங்க, இவனுக்கு ஒம்பது மாசம் முடிஞ்சப்ப ஓடைப்பட்டியில இந்த நர்சம்மாகிட்டயே கேட்டனுங்க. பட்டியல்ல பேரு இல்ல, உங்கூர்ல போட்டுக்கோன்னாங்க. சரின்னு இவனைத் தூக்கிட்டு இம்புட்டுத் தூரம் இங்க வந்து கேட்டேன். நீதான் போயிட்டியே, அங்க போட்டுக்கோன்னாங்க. ரெண்டு புதன்கெழமை கூலி போச்சு. இப்ப மட்டும் பேரு இருக்குதுங்களா?"

நர்சம்மா தலையைக் குனிந்துகொண்டார். மருந்து வீணாகக் கூடாது என்ற உத்தரவைத்தான் நாங்கள் அத்தனை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தோம்.

கவிதாதான் அவள் பக்கத்தில் குந்தினாள். "இருக்குதுங்க அக்கா. அதைப் பாத்துத்தான் வந்தோம். இவன் மூச்சு செரியில்ல. கீழ ஆஸ்பத்திரிக்குப் போவணும். வாங்க."

செல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து ஜீப்பில் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் அப்படி ஓட்டியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கவிதா குழந்தையின் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

பையன் பிழைத்தான். ஆக்சிஜன் வைத்து, நாள் கணக்கில் படுத்திருந்து, எலும்பும் தோலுமாகத்தான் திரும்பினான். மலையில் அந்த வாரம் அம்மை கண்ட எல்லாக் குழந்தைகளும் பிழைத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுத முடியாது.

திரும்பி வந்ததும் கவிதா ஒதுங்கிக் கிடந்த எல்லாக் குழந்தைகளையும் பாக்கியில் ஏற்றினாள். மலை ஒரே நாளில் சிவந்துவிட்டது. மாவட்டத்திலிருந்து போன்: "நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சே, என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க?" பிறகு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஊர் ஏன் சிவப்பு என்று கேட்டிருந்தார்கள். அது பச்சையாக இருந்த மாதங்களில் ஏன் பச்சை என்று ஒருவரும் கேட்டதில்லை. டாக்டரம்மா பதில் எழுதினார், மருந்தும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கவிதா, புருசன் ஊர் நர்ஸ் "குழந்தை வந்து சேர்ந்தது, ஊசியும் போட்டேன்" என்று சொல்கிறவரை தாய் ஊரில் அந்தப் பெயரை ஒதுக்கவேமாட்டாள். கர்ப்பப் பதிவு எண்ணைத் தானே கேட்டு வாங்கிப் புருசன் ஊரிலும் ஏற்றிவிடுவாள். குழந்தை இரண்டு ஊரிலும் பாக்கியாக நிற்கும். இரட்டைக் கணக்கு என்று மாதா மாதம் திட்டு வாங்கினோம். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் வட்டாரம் முழுப் பச்சை ஆகவில்லை. கூட்டத்தில் நின்றே காலம் போனது. கால்தான் வலித்தது.

தேன்மொழி, பெயர் இல்லை என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பாதே. ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம் பெயருக்காகச் சண்டை போடு. குமரா, "போய்விட்டது" என்பதற்கு உன் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் இருந்தால், "வந்து சேர்ந்தது" என்று சொல்கிற ஆள் யார் என்று முதலில் கேள். அந்த ஆள் உன் அக்காவாக இருந்தால் மரியாதையாகக் கேள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு புதன்கிழமை செல்வி இரண்டாவது பிள்ளையோடு வந்தாள். இது புருசன் வீட்டில் பிறந்தது, பட்டியலில் ஒழுங்காக இருந்தது. ஊசி போட்டபிறகும் போகாமல் நேரே கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். மூத்தவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இவன் இருக்கறானா, காட்டு சாமி" என்றாள்.

கவிதா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஓடைப்பட்டியில் ஒரு புள்ளி, நெல்லிக்காட்டில் ஒரு புள்ளி. "ரெண்டு எடத்துல நிக்குதுங்க அக்கா. இவனுக்குத்தான் எல்லாம் முடிஞ்சுதே, ஒண்ணை எடுத்துரட்டுமா?"

செல்வி குனிந்து இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இருக்கட்டும், எடுக்காத. ரெண்டு ஊட்டுக்கும் அவன் பேரன்தானே" என்றாள்.